சாய்தளம் எங்கே முடிகிறது

1

எங்கள் தெருவுக்கு ஜேசிபி வந்து போய் நேற்றோடு ஓராண்டு முடிந்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கணவர் செல்வம் வழக்கம்போல விடிவதற்குள் ஹெப்பகோடிக்குப் போகும் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். மகள் கீர்த்தனா கல்லூரிப் பையை மாட்டிக்கொண்டே, "அம்மா, கேஸ் வந்தா கதவுகிட்டயே வெக்கச் சொல்லு, நான் வந்து உள்ள எடுத்துக்கறேன்" என்றாள். நான் வாசல் கதவைத் திறந்து, சக்கர நாற்காலியைக் கதவோரம் நிறுத்தித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடந்த ஓராண்டை வரிசையாக எழுதிவைத்துவிட வேண்டும் என்று அப்போது தோன்றியது.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நான் மல்லிகா. குடியாத்தத்துக்காரி. சிறு வயதில் வந்த போலியோவில் இரண்டு கால்களும் போய்விட்டன. வேலைக்காகப் பெங்களூருக்கு வந்தேன், இங்கேயே பிறந்து வளர்ந்த செல்வத்தை மணந்தேன், ஆஸ்டின் டவுனில் அவர் அப்பா கட்டிய சிறிய வீட்டில் இருக்கிறேன். காலையில் குடியாத்தத்தில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடலாம். இதைப் போய்ப் புலம்பெயர்வு என்று சொல்கிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். வெளிநாட்டுக்குப் போனவர்களை யாராவது "உன் ஊருக்குப் போ" என்று சொன்னால் அவர்களுக்குப் பாஸ்போர்ட்டாவது கையில் இருக்கும். எனக்கு அதே வார்த்தையை, மூன்று மணி நேரத் தொலைவில், என் நாட்டுக்குள்ளேயே சொன்னார்கள்.

2

குடியாத்தத்தில் எனக்குப் படி ஒரு தடையாக இருந்ததில்லை. தூக்குகிறவர்கள் இருந்தார்கள். முதலில் அப்பா, பிறகு சித்தப்பா, பள்ளியில் உடன் படித்த பெண்கள் நான்கு பேர். ஒன்பதாம் வகுப்பு மாடியில் நடந்தது. அந்தப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு என்னைத் தூக்கினார்கள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நான்தான் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பேன். குடித்தால் கழிப்பறைக்குக் கீழே இறங்க வேண்டும், அதற்கும் அவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.

தட்டச்சு நிலையமும் மாடியில்தான் இருந்தது. அதன் உரிமையாளர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வந்து, "பாப்பா தினமும் வந்து கஷ்டப்பட வேணாம் சார், பரீட்சைக்கு மட்டும் தூக்கினு வாங்க. பாஸ் பண்ண வெக்கிறது என் பொறுப்பு" என்றார். அப்பா கண் கலங்கிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தீரவில்லை. நான் தட்டச்சு கற்றுக்கொள்ள விரும்பினேன்.

ஊரில் மல்லிகாக்கள் பலர். அதனால் நான் 'நொண்டி மல்லிகா'. மளிகைக் கடைக்காரர் முதல் தபால்காரர் வரை அப்படித்தான் சொன்னார்கள், அன்பாகவே சொன்னார்கள். வலித்தது. ஆனால் சொன்னவரின் முகம் எனக்குத் தெரியும். அவருடைய மகளின் கல்யாணப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வரும்.

பெங்களூரில் எனக்குக் கிடைத்த வேலை ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில். அலுவலகத்தில் லிஃப்ட் இருந்தது. சேர்ந்த அன்று எல்லோரும் சாப்பிடப் போன பிறகு தனியாக அதில் ஏறி மேலே போனேன், கீழே வந்தேன், மறுபடி மேலே போனேன். காவலாளி, "ஏன் மேடம், ஏதாச்சும் விட்டுட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். இந்த ஊரை நான் நேசிக்கத் தொடங்கியது அன்றுதான்.

3

எங்கள் வீடு நடைபாதையிலிருந்து ஒன்றரை அடி உயரம். வாசல் திறந்தால் நேராக நடைபாதை, முன்புறம் காலியிடம் கிடையாது. சக்கர நாற்காலி பாதுகாப்பாக இறங்க வேண்டுமானால் உயரத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்குச் சாய்தளம் வேண்டும் என்பது கணக்கு. அவ்வளவு நீளம் எங்கள் வீட்டு முகப்புக்கே இல்லை. சுவரை ஒட்டி, இருக்கிற நீளத்துக்குள், கொஞ்சம் செங்குத்தாகக் கட்டினோம். நடைபாதையின் அகலத்தில் பாதியை அது எடுத்துக்கொண்டது. மீதிப் பாதியில் இன்னொரு சக்கர நாற்காலி போக முடியுமா என்று நானே என் நாற்காலியை ஓட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். போக முடிந்தது.

அந்தச் சாய்தளம்தான் என்னை அலுவலகத்துக்குக் கொண்டுபோனது. காலையில் ஆட்டோ வந்து நிற்கும். யாரையும் கூப்பிடாமல் நான் இறங்குவேன். கீர்த்தனாவைப் பள்ளிக்குக் கூட்டிப்போனதும், தக்காளி வாங்கியதும், செல்வத்தோடு சண்டை போட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு தெருமுனை வரை போனதும் அதன் வழியாகத்தான். கோபித்துக்கொண்டு வெளியே போக முடிவது எவ்வளவு பெரிய வசதி என்பது, முடியாதவர்களுக்குத்தான் தெரியும்.

பிறகு ஒரு பக்கம் தொடங்கினேன். முகநூலில், வாரம் ஒரு படம். சிவாஜிநகர்ப் பேருந்து நிலையத்தின் அருகில் நடைபாதை முழுக்கத் துணி மூட்டைகள். இன்னொரு இடத்தில் சாய்தளத்தின் நட்ட நடுவே மின்கம்பம். ஒரு வங்கியின் 'மாற்றுத்திறனாளிகள் வழி' என்ற பலகைக்கு அடியில் மூன்று படிகள். இடம், அளவு, என்ன செய்தால் சரியாகும் என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுவேன். கன்னடத்தைக் கீர்த்தனா திருத்தித் தருவாள். அதே படத்தை மாநகராட்சியின் புகார்ச் செயலியிலும் ஏற்றுவேன். சில சரியாயின. ஓரிடத்தில் உடைந்த கால்வாய் மூடியை மாற்றினார்கள். ஓரிடத்தில் கம்பியை அகற்றினார்கள். பார்வையற்ற ஒருவரும் நடக்க முடியாத பிள்ளைகளின் பெற்றோரும் பக்கத்தைப் பின்தொடர்ந்தார்கள்.

மற்றவர்களும் வந்தார்கள். 'நடக்கவே முடியாதவளுக்கு நடைபாதை எதற்கு?' என்று ஒருவர் எழுதினார். அதற்குச் சிரிப்புக் குறிகள் குவிந்தன. என் கன்னடப் பதிவின் கீழே ஒருவர், முதலில் கன்னடம் கற்றுக்கொள் என்று ஆங்கிலத்தில் எழுதினார். தமிழ்ப் பெயருள்ள ஒருவர், 'அக்கா, நம்ம ஆளுங்க மானத்த வாங்காதீங்க' என்றார். எனக்கு 'ஃபுட்பாத் மேடம்' என்று பெயர் வைத்தார்கள். எல்லாவற்றையும் படித்தேன். ஊரில் என்னைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களின் முகங்கள் தெரிந்திருந்தது போல இவர்களுடைய முகங்களும் தெரியுமா என்று தேடினேன். பெரும்பாலும் முகப்புப் படத்தில் பூவோ காரோ இருந்தது.

அவற்றில் ஒரு கருத்து மட்டும் எனக்கு நியாயமாகப் பட்டது. 'ஊர்ல இருக்கற தெருவெல்லாம் சொல்றியே, உன் தெரு எப்படி?' என்று ஒருவர் கேட்டிருந்தார். வம்புக்குக் கேட்டதுதான். செல்வம், "அவன் வாயக் கிளறுறான் மல்லி, நீ பாட்டுக்கு இரு" என்றார். எனக்கு இருக்க முடியவில்லை. மற்றவர்கள் தெருவை அளந்தவள் தன் தெருவை அளக்காமல் விட்டால் அது நேர்மை இல்லை என்று தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போய்ப் படம் எடுத்தேன். மூலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் முருகேசண்ணனின் ஐஸ் பெட்டி, பக்கத்து வீட்டு ஜெயம்மாவின் வாசற்படிகள், நிறுத்தி வைத்த ஸ்கூட்டர்கள், பூந்தொட்டிகள். கடைசியாக எங்கள் சாய்தளம். அதற்குக் கீழே அதன் அகலத்தையும், நடைபாதையில் மிச்சம் விட்டிருக்கும் இடத்தையும், இது சக்கர நாற்காலிக்கானது, ஆகவே இருக்க வேண்டியது என்பதையும் எழுதினேன். அதை மறைத்திருந்தால் புகாரில் குறை இருந்திருக்கும்.

4

இந்த ஊரில் புகார்கள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும். இந்தப் புகார் எழுந்துகொண்டது. கருத்துச் சண்டையைப் பார்த்து யாரோ மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒரு காலை ஜேசிபி சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். ஜெயம்மாவின் படிகள் ஏற்கெனவே கல்லும் மண்ணுமாகக் கிடந்தன.

பொறுப்பில் இருந்த இளநிலைப் பொறியாளர் மரியாதையானவர். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார்.

"மேடம், நீங்கதானே கம்ப்ளெயிண்ட் கொடுத்தது? ரொம்ப கிளீனா கொடுத்திருக்கீங்க. இந்த மாதிரி யாரும் கொடுக்கறதில்ல."

"சார், இது ராம்ப். நான் தனியா எழுதியிருக்கேனே."

"படிச்சேன் மேடம். ஆனா ஆர்டர்ல ஃபுட்பாத்துல நீட்டிகிட்டு இருக்கறது எல்லாம்னு இருக்கு. இது வேணும், அது வேணாம்னு எழுத அதுல இடமே இல்ல. உங்களத விட்டுட்டு மத்தவங்களத உடைச்சா இவங்க என்னைச் சும்மா விடுவாங்களா?"

"நான் எப்படி சார் வெளிய போறது?"

அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "உள்ளாற கட்டிக்கலாமே மேடம்? வாசலை உள்ள தள்ளி?"

உள்ளே ஹாலே பத்தடிதான் என்றேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஸல்ப பேஜார் கேஸ் மேடம் இது" என்று கன்னடம் கலந்து சொல்லி, கொஞ்சம் சங்கடமான விஷயம்தான் என்றார். கையில் இருந்த காகிதத்தில் நான் எடுத்த படங்கள் வரிசை எண்ணோடு இருந்தன. கடைசிப் படத்தை எனக்குக் காட்டி, "பாருங்க, நீங்களே கொடுத்திருக்கீங்க" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

முருகேசண்ணன் கடை வாசலில் நின்று கத்தினார். "இன்னாம்மா மல்லிகா, எங்க தாத்தா காலத்துலேந்து இங்க கீறோம். கன்னடக்காரன் கூட எங்கள ஒண்ணும் சொன்னதில்ல. நம்ம தெருவுக்கு நம்ம பொண்ணே ஆப்பு வெச்சிட்டியே!"

ஜெயம்மா கத்தவில்லை. இடிந்த படிகளுக்கு மேலே, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே இறங்க இரண்டடி குதிக்க வேண்டும். "எனக்கும் முட்டி போய்டுச்சும்மா" என்றார். "எனக்கு ஃபோட்டோ எடுக்க வராது, அவ்ளோதான்."

நான் மடியிலிருந்த கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

எங்கள் சாய்தளத்தை உடைக்க அதிக நேரம் ஆகவில்லை. கட்டிய கொத்தனார் நல்ல சிமெண்ட் போட்டிருந்தார் என்று ஜேசிபி ஓட்டுநர் மட்டும் பாராட்டினார்.

5

அதற்குப் பிறகு எங்கள் தெரு நடைபாதை எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். இடிபாடுகளை அள்ளி, பள்ளங்களை நிரப்பி, புதுக் கற்கள் பதித்தார்கள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு தடையும் இல்லை. இத்தனை ஆண்டுகளாக நான் படம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். மேட்டில் இருந்த எங்கள் வாசலிலிருந்து அதைப் பார்த்தேன். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் அதில் ஓடினார்கள். ஒரு மாலை செல்வமும், அவர் கெஞ்சிக் கூப்பிட்டதால் முருகேசண்ணனும், என்னை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். முனை வரை போய்வந்தேன். வண்டி அதிராமல் போனது. திரும்பி வந்து வாசலுக்குக் கீழே இருவருக்காகக் காத்திருந்தேன். செல்வம் கடைக்குப் போயிருந்தார், அண்ணனுக்கு வியாபாரம். வெயில் தாழும் வரை அங்கேயே இருந்தேன்.

அடுத்த வாரம் ஜெயம்மா வீட்டு வாசலில் இரண்டு கருங்கல் துண்டுகள் வந்தன. அதற்கடுத்து ஐஸ் பெட்டி. ஸ்கூட்டர்கள் எப்போது திரும்பின என்று யாரும் கவனிக்கவில்லை. இந்தத் தெருவில் நீட்டிக்கொண்டிருப்பவை எல்லாம் தண்ணீர் போல, விலக்கினால் விலகிப் பிறகு கூடிவிடும்.

செல்வமும் ஒரு கனமான பலகை வாங்கிவந்து வாசலில் சாய்த்தார். மறுநாள் காலை அதன் படம் இணையத்தில் இருந்தது. 'ஊரார் படிகளை உடைத்த ஃபுட்பாத் மேடத்தின் புதிய ஆக்கிரமிப்பு.' நான் நடைபாதையில் இறங்குவதும் படமாக வந்தது, பின்பக்கத்திலிருந்து எடுத்தது. எங்கள் தெரு ஆள்தான் எடுத்திருக்க வேண்டும். அதன் கீழே, தமிழ்நாட்டில் போய் ராம்ப் கட்டிக்கொள்ளட்டும் என்றும், இவள் கால் உண்மையிலேயே அப்படித்தானா என்றும் எழுதியிருந்தார்கள். அந்த இரண்டாவதற்கு நான் பதில் எழுதத் தொடங்கி, மருத்துவச் சான்றிதழைத் தேடி எடுத்து, அதைப் படம்பிடிக்கக் கைபேசியைத் தூக்கியபோது கீர்த்தனா வந்து கையைப் பிடித்தாள்.

"என்னம்மா பண்றே? யாருக்குக் காட்டறே?"

"சந்தேகப்படறாங்களே."

"படட்டும். அம்மா, என் கிளாஸ் குரூப்ல வந்துடுச்சு இது. 'இவங்க உங்க ஏரியாவா'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். "ஏரியாதான்னு சொன்னேன்."

அம்மா என்று சொல்லவில்லை. நான் சான்றிதழை மறுபடி உறைக்குள் வைத்தேன். எங்கள் வீட்டில் நானும் செல்வமும் தமிழில் பேச, அவள் தோழிகளோடு கன்னடத்தில் பேச, இரண்டுக்கும் நடுவே ஆங்கிலம் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளை மொழியால் விலகிப் போவாள் என்றுதான் நான் பயந்திருந்தேன்.

மாநகராட்சியிலிருந்து மறுபடியும் வந்தார்கள். அதே பொறியாளர். தலையைக் குனிந்துகொண்டு, "மேல இருந்து ஃபோட்டோ அனுப்பறாங்க மேடம், நான் என்ன பண்றது?" என்று சொல்லிப் பலகையை லாரியில் ஏற்றினார். பக்கத்து வாசல் கருங்கற்கள் மேல் காலை வைத்துத்தான் இறங்கினார்.

விண்ணப்பம் எழுதினேன். மாற்றுத்திறனாளிகளுக்கான அலுவலகம் மாநகராட்சியைக் கேட்கச் சொன்னது. மாநகராட்சி போக்குவரத்துக் காவலைக் கேட்கச் சொன்னது. நேரில் வரச் சொன்ன அலுவலகம் முதல் மாடியில் இருந்தது. கீழே நின்று தொலைபேசியில் கூப்பிட்டேன். எழுத்தர் மாடிக் கைப்பிடியில் சாய்ந்தபடி, "மேடம், ஆளுங்க இருக்காங்க, தூக்கினு வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார்.

நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் சூழ்நிலையைச் சொன்னேன். மேலாளர் உடனே நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கொடுத்தார். குழுவில் எல்லோரும் கைதட்டும் குறி போட்டார்கள். 'மிகவும் அதிர்ஷ்டசாலி நீங்கள்' என்று ஒருத்தி எழுதினாள்.

6

மழைக்காலம் முடிகிறபோது முருகேசண்ணன் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். ஜெயம்மாவும் கூட வந்திருந்தார். இருவரும் உட்காரவில்லை.

"தோ பாரும்மா," என்றார் அண்ணன். "நீ வூட்டுக்குள்ளயே கெடக்கறத பாக்கச்சொல்ல எங்களுக்கும் நல்லா இல்ல. செல்வம் நான் தூக்கி வளத்த பையன். ராம்ப்பு கட்டிக்கோ. ஜல்லியும் மணலும் என் ஆளு போடுவான்."

"கட்டினா மறுபடி ஃபோட்டோ எடுப்பாங்கண்ணே."

அண்ணன் ஜெயம்மாவைப் பார்த்தார். "எடுக்க மாட்டாங்க. நான் பேசிட்டேன். எடுத்தது யாருன்னு நீ கேக்காத, நான் சொல்ல மாட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா... அந்த பேஜு. அத்த மூடிடு. உன்னால தெருவுக்கு பேஜார் வேணாம், எங்களால உனக்கு பேஜார் வேணாம்."

ஜெயம்மா மெதுவாக, பாதிக் கன்னடத்தில், "எல்லாரும் அட்ஜஸ்ட் மாடிகிட்டுத்தானேம்மா இருக்கோம்" என்றார். அவருக்கு என்மேல் கோபம் இருந்த தடமே இல்லை. அதுதான் என்னை அதிகம் தளர்த்தியது. என் எதிரில் நின்றவர்கள் யாரும் பொல்லாதவர்கள் இல்லை. எனக்கு வேண்டியதைக் கொடுக்கவும் தயாராக இருந்தார்கள். ஆனால் அதை என் உரிமையாக மட்டும் தரமாட்டார்கள்.

செல்வம் இடுப்பில் கையை ஊன்றிச் சுவரில் சாய்ந்து நின்றார். இத்தனை மாதமாக என்னைத் தூக்கித் தூக்கி அவருக்கும் இடுப்பு போயிருந்தது. கீர்த்தனா வாழைப்பழத்தை உரித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பக்கத்தை நீக்கினேன். உண்மையாகவே நீக்க வேண்டுமா என்று முகநூல் மறுபடியும் கேட்டது. அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டிருக்கவில்லை. பின்தொடர்ந்த ஒரு தாய் மட்டும், 'ஏன் மேடம்?' என்று தனிச்செய்தி அனுப்பியிருந்தார். உடல்நிலை சரியில்லை என்று எழுதினேன்.

சாய்தளம் இரண்டு நாளில் எழுந்தது. யாரும் படம் எடுக்கவில்லை. இப்போது நான் இறங்கலாம். இறங்கி ஐஸ் பெட்டி வரை நடைபாதையில் போகிறேன். அதன் பிறகு தெருவில் இறங்கி ஆட்டோக்களுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே போகிறேன். அலுவலகத்துக்குத் திரும்பி வரலாமா என்று கேட்டேன். என் மேசையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

7

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு அழைப்பு வந்தது. ஹெப்பகோடியில் இருக்கிற ஒருவர். தர்மபுரிப் பக்கத்துக்காரராம், தொழிற்சாலை வேலை. பள்ளிக்குப் போகிற மகளுக்குத் தசைச் சிதைவு, சமீபத்தில்தான் சக்கர நாற்காலிக்கு மாறியிருக்கிறாள். என் பக்கத்தைப் பின்தொடர்ந்த அந்தப் பார்வையற்ற நண்பர் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்.

"மேடம், நீங்க போட்டோ போட்டு எல்லாத்தையும் சரி பண்ணுவீங்கன்னாங்க. எங்க தெருவுல ஃபுட்பாத்தே இல்ல மேடம், எல்லாம் கடையா நீட்டி வெச்சிருக்காங்க. ஸ்கூல் பக்கத்துலதான், பொண்ணால போக முடியல. எப்படி கம்ப்ளெயிண்ட் பண்றதுன்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்க. நான் எழுதிக்கறேன்."

பேனா எடுக்கிற சத்தம் கேட்டது. படம் எந்தக் கோணத்தில் எடுக்க வேண்டும், அளவை எப்படிக் குறிக்க வேண்டும், எந்தப் பிரிவுக்கு அனுப்பினால் சீக்கிரம் நகரும், எல்லாம் எனக்குத் தெரியும். வரிசையாகச் சொல்லியிருக்கலாம். பின்னால் அந்தப் பெண் "யாருப்பா?" என்று கேட்பதும் கேட்டது.

"உங்க வீட்டு வாசல்ல ராம்ப் போட்டிருக்கீங்களா சார்?"

"போட்டிருக்கேன் மேடம். நானே போட்டேன். பாப்பா தனியா இறங்கறா."

"அது எங்க முடியுது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ரோட்டுலதான் மேடம். வேற எங்க முடியும்?"

"அப்ப கம்ப்ளெயிண்ட் பண்ணாதீங்க சார்" என்றேன்.